கயிற்றின் வழியே ஒரு கப்பலுக்கு

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

1911ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரையோரம் மெக்கே துறையிலிருந்து டவுன்ஸ்வில் நோக்கிப் புறப்பட்ட ‘யோங்காலா’ என்னும் நீராவிக் கப்பல், வழியில் புயலில் சிக்கி, அதில் இருந்த 122 பேரோடும் மூழ்கிப்போனது. புயல் எச்சரிக்கை மெக்கேக்கு வந்துசேர்ந்தபோது கப்பல் கிளம்பிவிட்டிருந்தது. கம்பியில்லாத் தந்திக் கருவி அதில் இல்லாததால் செய்தியைச் சொல்ல எந்த வழியும் இருக்கவில்லை. சுமார் 110 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் இன்றும் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில், வலப்பக்கமாகச் சாய்ந்து, மணல்தரையில் கிடக்கிறது. அதைக் காண இறங்கும் எவரும் கப்பலுக்கு முன்பாக நீரோட்டத்தைச் சந்திக்கிறார். அந்த நீரோட்டத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கப்பலின் உடலை இவ்வளவு உயிருள்ளதாக ஆக்கியிருப்பதும் அதே நீரோட்டந்தான். சுற்றிலும் வெறும் மணல்வெளி இருக்க, நடுவே எழுந்து நிற்கும் இரும்புச் சுவரின்மீது ஓடும் நீர் ஓயாமல் மிதவை உயிர்களைக் கொண்டுவந்து சேர்ப்பதால், மென்பவளங்களும் கடல்விசிறிகளும் அங்கே தழைத்து, அவற்றை நாடிச் சிறுமீன்களும், சிறுமீன்களை நாடிப் பாரையும் சீலாவும் கூட்டங்கூட்டமாக வருகின்றன.

ஒரு நாட் வேகம் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். தரையில் அது ஆமைநடை. ஆனால் முதுகில் சிலிண்டரும் உடலெங்கும் கருவிகளுமாக நீந்துபவரால் அந்த வேகத்தை எதிர்த்துச் சில நிமிடங்களுக்குமேல் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. நீரின் வேகம் இருமடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது என்பதால், ‘இன்னும் கொஞ்சம் வலுவாக உதைத்து நீந்துவோம்’ என்ற எண்ணம் கடலில் எடுபடுவதில்லை.

எனவே இத்தகைய கப்பலுக்கு மேற்பரப்பிலிருந்து கீழே செல்லும் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறோம். நீரோட்டம் பலமாக இருக்கும்போது உடல் கொடிபோல் கிடைமட்டமாகப் பறக்கும். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் முகமூடி கழன்றுவிடக்கூடும். நான் ஒருமுறை பத்து மீட்டர் ஆழத்திலேயே, இரு கைகளாலும் கயிற்றை இழுத்து இழுத்து மூச்சிரைக்க இறங்கிக்கொண்டிருப்பதை உணர்ந்து, உடன்வந்த இணைக்கு ‘மேலே போவோம்’ என்று கட்டைவிரலை மேல்நோக்கிக் காட்டித் திரும்பிவிட்டேன். கீழே மங்கலாகக் கப்பல் தெரிந்தது. அதை விட்டு வருவது எளிதாக இருக்கவில்லை; ஆயினும் அந்த முடிவை இன்றும் சரியென்றே கருதுகிறேன்.

காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் சுமார் 2400 லிட்டர் காற்று இருக்கும். அமைதியாக மூச்சுவிடுபவருக்கு மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் தேவை என்று கொண்டால், 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்காவதால் அது 80 லிட்டராகிறது. சிலிண்டர் முழுவதும் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நீரோட்டத்தோடு போராடி மூச்சு இருமடங்கானால் கால் மணி நேரந்தான். திரும்பி ஏறுவதற்கும் எதிர்பாராத இடருக்கும் வேண்டிய காற்றும் இதற்குள்ளேயே அடக்கம். அத்துடன், மூச்சிரைப்பில் உடலில் சேரும் கரியமில வாயு பதற்றத்தைக் கூட்டி, ஆழத்தில் நைட்ரஜன் தரும் மயக்கத்தையும் பெருக்கிவிடுகிறது. தெளிவாகச் சிந்திக்க வேண்டிய நேரத்தில் அந்தத் தெளிவுதான் முதலில் போகிறது.

கப்பலை அடைந்துவிட்டால் நிலைமை மாறும். அதன் மறைவுப் பக்கத்தில், நீர் நேராக மோதாத இடத்தில், ஒட்டிச் சென்றால் ஆச்சரியப்படும்படி அமைதியாக இருக்கும். ஆபத்து ஓரங்களில்தான் இருக்கிறது: கப்பலின் முன்முனையான அணியத்தைச் சுற்றிக் குவிந்து ஓடும் நீர், எச்சரிக்கையின்றித் திரும்புபவரை மணல்வெளிக்கு அடித்துச் சென்றுவிடும். ஆகையால் காற்று நிறைய இருக்கும் தொடக்கத்தில் நீரோட்டத்துக்கு எதிராகச் சென்று, களைப்படைந்தபின் அதனோடு கயிற்றுக்குத் திரும்புவது நல்ல வழக்கம். யோங்காலாவின் உள்ளே நுழையச் சட்டம் அனுமதிப்பதில்லை. அது பலருடைய கல்லறையும்கூட என்பதால் அந்தத் தடையை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

ஏறும்போது ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வருவது வழக்கம். கயிறு கையில் இருந்தால் அது எளிது. கயிற்றைத் தவறவிட்டவர், அதைத் தேடி எதிர்நீச்சலில் காற்றைச் செலவழிக்காமல், அடையாள மிதவைக் குழாயை ஊதி மேலே அனுப்பி, அதன் நூலைப் பிடித்தபடி நீரின் போக்கிலேயே மெல்ல ஏற வேண்டும். அலைகளுக்கிடையே மிதக்கும் ஒரு தலையைப் படகோட்டி சற்றுத் தொலைவிலிருந்து காண்பதே கடினம். நிமிர்ந்து நிற்கும் ஆரஞ்சு நிறக் குழாய் கண்ணில் படும். மேலே வந்தபின் இணையைப் பிரியாமல், குழாயை நிமிர்த்திப் பிடித்தபடி, படகு வந்து சேரும்வரை நீந்தாமல் மிதந்துகொண்டிருக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.