‘பாத்து ஏறும்மா’ என்று மிஷின் சொல்லுமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலைக்குப் போய்விட்டு வந்த களைப்போடு உட்கார்ந்திருக்கிற ஊர் மக்களே, வணக்கம்.

‘வருங்காலப் பயணத்தில் தொழில்நுட்பம் மனிதரை நெருங்க வைக்குமா, விலக்கி வைக்குமா?’ இதுதான் கேள்வி. நெருங்க வைக்கும் என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் ரெண்டு கேள்வி கேட்டார். முதலாவது, “டிரைவர் இல்லாத ரயில் வருது, அடுத்து மனுஷனே இல்லாத ஊரா?” ஐயா, சிங்கப்பூரின் வடகிழக்கு ரயில் பாதையில் 2003-லிருந்தே டிரைவர் இல்லாமல்தான் ரயில் ஓடுகிறது. அதில் லிட்டில் இந்தியா நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இறங்கிப் பாருங்கள். மனுஷர் இல்லையா, கால் வைக்க இடம் இல்லையா என்று தெரியும். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில், மூன்று வழித்தடங்களிலும் அப்படிப்பட்ட ரயில்தான் வரப்போகிறது. அந்தக் கேள்வி அதோடு முடிந்தது.

ரெண்டாவது கேள்விக்குத்தான் நீங்கள் விசிலடித்தீர்கள். “என்னதான் மிஷின் வந்தாலும், ஒரு வயசான அம்மாவைப் பார்த்து ‘பாத்து ஏறும்மா’ என்று அது சொல்லுமா?”

இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. சைதாப்பேட்டையில் இருக்கிற என் பெரியம்மாதான் சொல்ல வேண்டும். சர்க்கரையில் கண் மங்கிவிட்டது. முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் வடபழனி முருகனைப் பார்த்தே ஆக வேண்டும்.

இது 2019-ல் நடந்தது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வராத காலம். பெரியம்மா கையில் பத்து ரூபாயோடு நிறுத்தத்தில் நிற்கிறார். பஸ் நம்பர் தெரியாது, அதனால் பெரிதாக எது வந்தாலும் கை காட்டுவார். தண்ணி லாரிக்குக் கை காட்டினார், போய்விட்டது. பள்ளிக்கூட வண்டிக்குக் கை காட்டினார், பிள்ளைகள் டாட்டா காட்டின. அப்புறம் ஒரு வேன் வந்தது. கை காட்டினார். நின்றது! ரெண்டு பேர் இறங்கி வந்து, “வாங்கம்மா வாங்க” என்று தூக்காத குறையாக ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். “பஸ்காரங்க இவ்வளவு மரியாதையா மாறிட்டாங்களே!” என்று பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

அது கல்யாண வேன்!

இருங்கள், இன்னும் இருக்கிறது. பெரியம்மா பத்து ரூபாயை நீட்டி, “வடபழனி ஒண்ணு” என்றார். பக்கத்தில் இருந்த பையன் மடியில் மொய் நோட்டு. அவன் பேனாவை எடுத்து, “பேரு சொல்லுங்க பாட்டி” என்றான். “டிக்கெட்டுக்கு எதுக்குப்பா பேரு?” “எழுதணும்ல பாட்டி!” பேரைச் சொன்னார். “எந்த ஊரு?” “சைதாப்பேட்டை.” அவன் எழுதி முடித்துக் காசை உறைக்குள் போட்டான். “மீதி இருக்கா தம்பி?” என்று கேட்டார் பாருங்கள், மொய்யில் மீதி கேட்ட ஒரே ஆள் என் பெரியம்மாதான்! மண்டபத்து வாசலில் வாழைமரத்தைப் பார்த்துவிட்டு, “முருகா, இன்னைக்கு விசேஷமா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மத்தியானம் தாம்பூலப் பையோடு வீட்டுக்கு வந்தார்.

சிரித்தீர்கள். நாங்களும் வருஷக்கணக்காகச் சிரித்தோம். ஆனால் அந்த வேன் வருவதற்கு முன்னால் நடந்ததைப் பெரியம்மா ரொம்ப நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். உண்மையாகவே ஒரு பஸ் வந்து நின்றிருக்கிறது. கண்டக்டர், “பாத்து ஏறும்மா” என்றுதான் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷர். பெரியம்மா கம்பியைப் பிடித்தார், காலைத் தூக்கினார், முடியவில்லை. மறுபடி தூக்கினார், முடியவில்லை. “நீங்க போங்கப்பா” என்று சொல்லிவிட்டு, நிறுத்தத்து ஓரமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எதிரணித் தலைவரே, சொல்ல வேண்டியதைக் கண்டக்டர் சொன்னார். படி இறங்கி வரவில்லையே!

2022 கடைசியில் சென்னைப் பேருந்துகளில் அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கி சொல்ல ஆரம்பித்தது. 2024-ல் புதிய தாழ்தளப் பேருந்துகள் வந்தன. தரையிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டரில் தளம், ஏறுவதற்குப் படியே இல்லை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம். அவை சும்மா வரவில்லை. மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகுதான் வந்தன. அவர்கள் கேட்டது இரக்கம் இல்லை, ஏறுவதற்கு ஒரு வழி.

நடுவர் மணியில் கை வைக்கிறார், ஒரு நிமிஷம் கொடுங்கள் ஐயா.

போன மாதம் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் வந்தது. நான் கையைப் பிடித்துத் தூக்கத் தயாராகிறேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்து ஒரு பட்டனை அழுத்தினார். ‘புஸ்’ என்று காற்று இறங்கியது. அவ்வளவு பெரிய வண்டி எங்கள் பக்கமாகச் சாய்ந்து குனிந்தது. பெரியம்மா என் கையை விட்டுவிட்டுத் தானாகவே காலை எடுத்து உள்ளே வைத்தார். உட்கார்ந்ததும் கேட்டார்: “நான் ஏற வர்றேன்னா குனிஞ்சுது?”

“ஆமா பெரியம்மா, உங்களுக்காகத்தான்.”

இறங்கிய பிறகு அவர் நேராகக் கோயிலுக்கு நடக்கவில்லை. திரும்பி நின்று, வீட்டுப் பசுவைத் தட்டிக்கொடுப்பது போல, அந்த வண்டியை ரெண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தார்.