பொழுது போகிறது, மனம் நிறையவில்லை: நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர், "காலையில் நாளிதழ், மாலையில் நடைப்பயிற்சி, இடையில் தொலைக்காட்சி என்று பொழுது போய்விடுகிறது, ஆனால் மனம் நிறையவில்லை. முதுமையில் நேரத்தைப் பயனுள்ளதாக்குவது எப்படி?" என்று கேட்டிருக்கிறார். பொழுதே போகவில்லை என்று வருந்துபவர்கள் பலர். போகிற பொழுது நிறைவு தரவில்லை என்று சொல்பவர் அரிது என்பதால், இந்தக் கேள்வி சில நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை.

தொடர்ந்து கேட்பவர்களுக்கு, நான் யாரிடம் வரப்போகிறேன் என்பது இந்நேரம் தெரிந்திருக்கும். 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர், சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து 1919இல் ஓய்வு பெற்றபோது, சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் ஏற்கெனவே அச்சேறியிருந்தன. அத்துடன் அவர் நின்றிருந்தாலும் தமிழ் அவரை மறந்திராது. ஆனால் பெருங்கதை 1924இல் வந்தது. குறுந்தொகை வந்த 1937இல் அவருக்கு வயது 82. 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கிய தன்வரலாறு, 1942இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது.

இவற்றுள் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை அவர் எழுதியதைத்தான். பிள்ளையவர்கள் 1876இல் மறைந்தார். நூல் வந்தது 1930களில். ஆசிரியர் தலபுராணப் பாடல்களை வாயால் சொல்லிக்கொண்டே போக, மாணவர் ஏட்டில் எழுத்தாணியால் எழுதிக்கொண்டே வந்த காட்சியை, அருகிலிருந்து கண்ட ஒருவர் அரை நூற்றாண்டு நெஞ்சில் வைத்திருந்து எழுதியதால்தான் நாம் இன்று அறிகிறோம்.

அறிஞர்களுக்குத்தான் இது பொருந்தும் என்று எண்ண வேண்டாம். பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது பாசன மதகுகளைக் கவனிக்கும் பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை நான் அறிவேன். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் எந்த மதகை முதலில் திறக்க வேண்டும், எந்த ஷட்டர் பாதியில் சிக்கும், கரை எங்கே கசியும் என்பதையெல்லாம் இளம் விவசாயிகளை உடன் அழைத்து நடந்து காட்டுகிறார். ஒரு பள்ளி நோட்டில் படமும் வரைந்து தருகிறார். அவருடைய பொழுது நிறைந்திருக்கிறது, ஏனெனில் அவருக்காகச் சிலர் காத்திருக்கிறார்கள்.

ஆகவே அன்பரே, நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதைவிட, என்னிடம் இருப்பதை யார் கையில் ஒப்படைப்பது என்று நீங்கள் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். பழைய மூலப் பத்திரத்தின் கையெழுத்தைப் படிக்கவும், செக்குபந்தியைப் பார்த்து நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லவும், 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்ற தஞ்சை நில அளவைக் கணக்கை விளக்கவும் உங்கள் தெருவில் இன்று எத்தனை இளைஞர்களால் முடியும்? வரும் ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் அவர்கள் வீட்டுப் பழைய பத்திரத்தின் நகல் ஒன்றை எடுத்து வரச் சொல்லுங்கள். நீங்கள் படித்துக் காட்டாமல், முதல் வரியிலிருந்து அவனையே வாய்விட்டுப் படிக்கச் செய்து, தடுமாறும் இடத்தில் மட்டும் சொல்லிக் கொடுங்கள்.