படியை வாங்காத அதிபதி

அன்பான நேயர்களுக்கு வணக்கம். தேவனுக்கு முன்பாகக் கணக்கு ஒப்புவிக்கிறவர்களாக வாழ்வது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நிலையத்தாருக்கு என் நன்றி.

நெகேமியா என்றதும் எருசலேமின் மதில்தான் நம் நினைவுக்கு வரும். இடிந்து கிடந்ததை 52 நாளில் எடுத்துக் கட்டியவர். அதைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். ஆனால் அவர் யூதாவில் பாரசீக ராஜாவின் கீழ் அதிபதியாக, அதாவது ஆளுநராக, இருந்தது 12 வருஷம். அந்த 12 வருஷமும் அவர் பந்திக்கு யார் செலவு செய்தது? வேதத்தில் அவர் பெயரிலுள்ள புஸ்தகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அது பஞ்ச காலம். ஜனங்கள் நிலத்தையும் வீட்டையும் அடமானம் வைத்துத் தானியம் வாங்கினார்கள். ராஜாவுக்கு வரி கட்டவும் கடன்தான். கடைசியில் பெற்ற பிள்ளைகளையே அடிமைகளாகக் கொடுக்கும் நிலை. கடன் கொடுத்தவர்கள் வெளியார் இல்லை, சொந்த ஜனத்தின் பிரபுக்கள். அவர்கள் வாங்கிய வட்டி நூற்றுக்கொன்று என்கிறது வேதம். அதற்கே நெகேமியாவுக்கு மிகுந்த கோபம் வந்தது. நம் ஊர்களில் ஐந்து வட்டி, பத்து வட்டி என்று சர்வ சாதாரணமாகப் பேசுகிறோம். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-ல் தனிச் சட்டமே வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நம் பக்கத்தில் முழங்கால் போட்ட விதவைக்கு, திங்கட்கிழமை பத்து வட்டிக்குப் பணம் கொடுத்தால் அது எப்படிப்பட்ட ஜெபம்? எனக்கு இதை மென்மையாகச் சொல்லத் தெரியவில்லை.

நெகேமியா கோபத்தோடு உடனே எழுந்து கத்தவில்லை. முதலில் தன் மனதிலே ஆலோசனை பண்ணினார். அப்புறம்தான் பிரபுக்களைக் கடிந்துகொண்டார், பெரிய சபையைக் கூட்டினார். வாங்கினதைத் திருப்பிக் கொடுப்போம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டதும், ஆசாரியர்களை அழைத்து ஆணையிடவும் வைத்தார். வாய்ப்பேச்சோடு விடவில்லை.

சரி, மற்றவர்களைத் திருத்தியாயிற்று. அவருடைய சொந்தக் கணக்கு? அதிபதியின் சாப்பாட்டுச் செலவுக்காக ஜனங்கள் கொடுக்க வேண்டிய படி ஒன்று இருந்தது. அது லஞ்சம் இல்லை, பதவியோடு வருகிற உரிமை. முன்பிருந்த அதிபதிகள் அப்பமும் திராட்சரசமும் வாங்கியது போக நாற்பது சேக்கல் வெள்ளியும் வாங்கினார்கள். அவர்களுடைய வேலைக்காரர்கள்கூட ஜனங்கள்மேல் அதிகாரம் செலுத்தினார்கள். இந்த ஒரு வரிக்காகவே பதவியில் இருப்பவர்கள் இந்த ஐந்தாம் அதிகாரத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்பேன். நம் பெயரைச் சொல்லி நம் டிரைவரும் உதவியாளரும் செய்கிறதும் நம் கணக்கில்தான் வரும்.

நெகேமியாவுக்கும் செலவு குறைவில்லை. அவர் பந்தியில் யூதரும் அதிகாரிகளுமாக 150 பேர், அதற்கு மேல் சுற்றிலுமிருந்து வருகிறவர்கள். தினம் ஒரு காளை, முதல்தரமான ஆறு ஆடுகள், பட்சிகள். படியை வாங்கியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் அவர் எழுதுகிறார்: "நானோ தேவனுக்குப் பயந்ததினால் இப்படிச் செய்யவில்லை." ஜனங்கள் பட்ட பாடு கடினமாயிருந்தது என்பதையும் காரணமாகச் சொல்கிறார். தேவபயமும் ஏழையின் பாரமும் அவருக்கு ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தன.

தீமையை விட்டு நன்மையைத் தெரிந்துகொள்வது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். உரிமை உள்ள ஒன்றை, மற்றவர்களுக்குச் சுமையாகும் என்று வேண்டாம் என்பது அதைவிடக் கடினமான தெரிவு. சட்டமும் கேட்காது, ஆடிட்டரும் கேட்கமாட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. "நான் தேவனுக்கு மட்டும்தான் பதில் சொல்வேன்" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். காணிக்கைக் கணக்கைக் கேட்டால்கூட இந்தப் பதில் வருகிறது. ஒவ்வொருவனும் தன்னைக்குறித்துத் தேவனுக்குக் கணக்கொப்புவிப்பான் என்று ரோமருக்கு எழுதியவர் அப்போஸ்தலன் பவுல்தான். அதே பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகச் சபைகளில் சேர்த்த பணத்தைத் தானே வைத்துக்கொண்டு தன் இஷ்டப்படி கொண்டுபோகவில்லை. தன் உடன் ஊழியரான தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரர்களைப் பொறுப்பில் சேர்த்தார். ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்தவர். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று காரணமும் சொன்னார். அப்போஸ்தலனையே நம்பாமலா என்று யாரும் கேட்டிருக்கலாம். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

வீட்டில் சோறு பொங்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்து வைக்கிற தாய்மார் நம் சபைகளில் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் கொடுத்த பணம்தான் நம் கையில் இருக்கிறது. வருகிற ஞாயிறு காணிக்கை எண்ணும் பொறுப்பு உங்களுடையதானால், இன்னொருவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சங்கத்துக்கோ குழுவுக்கோ பொருளாளராக இருந்தால், யாரும் கேட்பதற்கு முன்பே நோட்டை நீட்டுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.