ம, மா, மே எல்லாம் ஒரே எழுத்தா? நான்காம் வகுப்புப் பாப்பாவின் கேள்விக்கு என் பதில்

வணக்கம். இந்த வாரம் நிறையச் சந்தேகங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும்தான் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். மூன்று நாளாக அது என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

தாராபுரத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். நம் வினாடி வினாவில் 'ஒரே எழுத்தில் பத்து விடை' என்று ஒரு சுற்று உண்டு. ஓர் எழுத்தை முன்பே சொல்லிவிட்டுப் பத்துக் கேள்வி கேட்பேன், பத்து விடையும் அந்த எழுத்தில் தொடங்கும். போன வாரம் அதில் 'ம' எழுத்தை எடுத்தோம் அல்லவா? அதை அவர் மகளும் பார்த்திருக்கிறாள். நான்காம் வகுப்பு. நோட்டில் பத்து விடையையும் எழுதி வைத்துக்கொண்டு, நான் விடை சொல்லச் சொல்லத் திருத்தியிருக்கிறாள். அவள் தன்னைத் திருத்தவில்லை, என்னைத் திருத்தியிருக்கிறாள். பத்துக்கு ஆறு போட்டுவிட்டாளாம்! "சார் 'ம'னாவில் தொடங்கும் என்றார். ஆனால் மேரி கியூரி 'மே', மொரீஷியஸ் 'மொ', முதுமலை 'மு', மாமல்லபுரம் 'மா'. நாலும் தப்பு. தமிழில் 247 எழுத்து என்று எங்கள் டீச்சர் சொல்லியிருக்கிறார், 'ம' வேறு, 'மே' வேறு" என்கிறாளாம். "சார், இதற்கு நான் என்ன பதில் சொல்வது?" என்று அந்த அம்மா கேட்கிறார்.

முதலில் பாப்பாவுக்கு ஒரு சபாஷ். அவள் சொல்வதுதான் சரி. தமிழ் நெடுங்கணக்கில் 'ம' ஓர் எழுத்து, 'மே' இன்னோர் எழுத்து. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. அந்தக் கணக்கில் 'ம'வும் 'மே'யும் ஒன்றாகவே முடியாது. அன்றைக்கு அவள் கணக்குப்படி தேறிய விடைகள் மதுரை, மயில், மலேரியா, மரகதப்புறா, மடகாஸ்கர், மரியானா அகழி. எண்ணிப் பார்த்தேன், ஆறேதான்.

அப்படியானால் நான் ஏன் பத்தையும் ஒரே எழுத்து என்றேன்? ஆங்கிலத்தில் இந்த விளையாட்டை ஆடியே பழகிவிட்டோம். அங்கே எம் என்றால் எம், அவ்வளவுதான். அதன் பின்னால் வரும் உயிர் தனி எழுத்தாக நின்றுவிடுகிறது. நம் எழுத்தில் மெய்யும் உயிரும் ஒட்டிப் பிறந்தவை. ஆங்கில விளையாட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்ததால் நேர்ந்த பிசகு இது. பாப்பா அதைப் பிடித்துவிட்டாள்.

ஆனால் இதோடு விட்டுவிட எனக்கு மனசில்லை. ஆறுக்கும் பத்துக்கும் நடுவில் இன்னொரு கணக்கு இருக்கிறது. அதன்படி ஏழு மதிப்பெண் வரும். எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஏழுதான்.

அது காது போடும் கணக்கு. செய்யுளில் மோனை என்று படித்திருப்பீர்கள். முதல் எழுத்து ஒன்றிவருவது மோனை. இதில் நம் முன்னோர்கள் எழுத்தின் வடிவத்தைப் பார்க்கவில்லை, வாய் திறக்கும் விதத்தைப் பார்த்தார்கள். அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். உயிர்மெய்க்கும் இதே கணக்குத்தான். 'ம'வுக்கு 'மா' மோனையாக வரும், 'மை' வரும், 'மௌ' வரும். 'மே' வராது, 'மொ' வராது, 'மு'வும் வராது. ஆகவே மாமல்லபுரம் உள்ளே வந்துவிட்டது. பத்துக்கு ஏழு.

இது புலவர்களுக்கு மட்டுமான சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். "மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி" என்கிறோம். மா, ம, ம. சொல்லிப் பாருங்கள், வாய்க்கு வழுக்கிக்கொண்டு போகிறது. "கற்றது கைம்மண் அளவு." அங்கே 'க'வோடு 'கை' சேர்ந்திருக்கிறது. "ஊரோடு ஒத்து வாழ்." அங்கே 'ஊ'வோடு 'ஒ'. இலக்கணம் படிக்காத பாட்டிகள் வாயிலும் இந்தக் கணக்கு பிசகாமல் வரும்.

இப்போது நான் அடிக்கடி சொல்லும் கண்டங்கள் கதைக்கு வருகிறேன். பழைய நேயர்கள் "மறுபடியுமா" என்பீர்கள். பரவாயில்லை, இந்த முறை புதிதாக ஒன்று இருக்கிறது. ஆங்கிலப் பொது அறிவுப் புத்தகங்களில், கண்டங்களின் பெயர்கள் எல்லாம் எந்த எழுத்தில் தொடங்குகின்றனவோ அதே எழுத்தில் முடிகின்றன என்று ஒரு துணுக்கு வரும். வட, தென் என்ற திசையை விட்டுவிட வேண்டும். ஏஷியா, ஆஃப்ரிக்கா எல்லாம் ஏ-யில் தொடங்கி ஏ-யில் முடியும். யூரோப் மட்டும் இ-யில் தொடங்கி இ-யில் முடியும். எல்லாக் கண்டத்துக்கும் ஒரே முதல் எழுத்து என்று சொல்ல முடியாதபடி அது ஒன்று மட்டும் அங்கே தனித்து நிற்கும்.

இதைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா மூன்றும் 'ஆ'. அமெரிக்கா, அண்டார்டிகா இரண்டும் 'அ'. ஐரோப்பா 'ஐ'. அ, ஆ, ஐ! மூன்றும் ஒரே மோனை இனம். அதாவது ஆங்கிலத்தில் தனித்து நின்ற ஐரோப்பா தமிழ்க் காதுக்கு மற்ற கண்டங்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்துவிட்டது. முடிவையும் பாருங்கள். யா, கா, பா என்று எல்லாம் 'ஆ' ஓசையிலேயே முடிகின்றன. இத்தனை வருடம் கண்டங்கள் கதையைச் சொல்லியிருக்கிறேன், இது என் கண்ணில் பட்டதே இல்லை. பாப்பா கேட்ட பிறகு, நேற்று ராத்திரி ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் பட்டது. எழுந்துபோய் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

சரி, விளையாட்டில் எந்தக் கணக்கை வைத்துக்கொள்வது? சின்னக் குழந்தைகள் ஆடினால் ம, மா, மி எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். பழகியவர்கள் ஆடினால் பாப்பாவின் கணக்குத்தான் சரி. உயிர்மெய் எழுத்து அப்படியே பொருந்த வேண்டும்.

அது கஷ்டம், விடையே கிடைக்காது என்பார்கள். கிடைக்கும். 247 எழுத்தும் சொல்லுக்கு முதலில் வராது என்பது உண்மை. ண, ழ, ள, ற, ன வரிசையில் எல்லாம் சொல் தொடங்காது. நன்னூல் கணக்கில் சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகள் மொத்தம் 103. 'ங' கூட அதில் ஒன்று, அங்ஙனம் எங்ஙனம் என்பதற்காக ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் சின்ன வயதில் கரண்ட் போனால் திண்ணையில் உட்கார்ந்து 'பேர், ஊர், பூ, காய்' ஆடுவோம். என் தாத்தா தமிழாசிரியர். எல்லோரும் க, ப, ம என்று கேட்க, அவர் மட்டும் 'ஞ' என்பார். ஞாயிறு, ஞானம் சொல்லிவிட்டு விழிப்போம். அவர் 'ஞமலி' என்பார். நாய்க்குப் பழைய பெயர். வாசலில் படுத்திருந்த எங்கள் நாயை அதற்குப் பிறகு ஞமலி என்றுதான் கூப்பிட்டோம். இன்றைக்கு வரை எனக்கு மறக்காத சொல் அது. எழுத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த சொல் வெளியே போகவே இல்லை.

அதைத்தான் நான் சொல்ல வந்தேன். யாராவது என்னிடம் "முதல் எழுத்தை எதற்குச் சார் முன்னாலேயே சொல்கிறீர்கள், விடை தெரிந்துவிடாதா" என்று கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பெயர் நாக்கு நுனியில் நிற்கும், வராது. எல்லோருக்கும் உள்ளதுதான். 1966-இல் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அதிகம் புழங்காத சொற்களின் பொருளை மாணவர்களுக்கு வாசித்துக்காட்டி, சொல் என்ன என்று கேட்டார்கள். நாக்கு நுனியில் நிற்கிறது, வரவில்லை என்றவர்களில் பலர் அந்தச் சொல்லின் முதல் எழுத்தைச் சரியாகவே சொன்னார்கள். சொல் வருவதற்கு முன்னாலேயே முதல் எழுத்து வந்துவிடுகிறது. அதனால் முதல் எழுத்தை நான் எடுத்துக் கொடுத்தால், பூட்டுக்குள் பாதி போன சாவியை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்ட மாதிரிதான். உள்ளே இருப்பதுதான் திறக்கும், இல்லாதது திறக்காது.

உதாரணத்துக்கு 'கா' எழுத்தை எடுத்துக்கொள்வோம். கண்டிப்பாக 'கா' மட்டும், பாப்பாவின் கணக்கு. ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது என்று சும்மா கேட்டால் சிட்னி என்று வாய் முந்திக்கொள்ளும். 'கா' என்று முன்பே சொல்லிவிட்டால் ஒரு நொடி நிற்பீர்கள். அந்த ஒரு நொடியில் கான்பெரா வந்துவிடும். சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் தலைநகர்ப் போட்டி நடந்தது, இரண்டுமே வேண்டாம் என்று 1908-இல் வேறு இடம் தேர்ந்தெடுத்து, புதிதாகக் கட்டிய ஊர் அது. 1927-இல் நாடாளுமன்றம் அங்கே போனது. தப்பான விடையைத் தள்ளிவிட்டுச் சரியானதைத் தேட அந்த எழுத்துதான் வைத்தது, பாருங்கள்!

நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடக்கும் ஆறு? காங்கோ. அசாமில் ஒற்றைக் கொம்பு காண்டாமிருகம் இருக்கும் காடு? காசிரங்கா. கேள்விக்குள் இருக்கும் காண்டாமிருகமே 'கா'தான். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் எந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்? காசநோய். வைரமும் பென்சில் கரியும் எந்தத் தனிமத்தால் ஆனவை? கார்பன். இங்கே ஒரு சிக்கல் வரும். பள்ளிக்கூடப் பிள்ளை 'கரிமம்' என்று எழுதினால் என்ன செய்வது? விடை சரி, எழுத்து தப்பு. நான் மதிப்பெண் கொடுப்பேன். லண்டன், இலண்டன் சண்டையும் இதே மாதிரிதான். சொல் மாறியதற்காகத் தெரிந்த பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது.

'கா'வில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி தமிழ்நாட்டின் மாநில மலர். செங்காந்தள் என்று எல்லோரும் 'செ'வில் எழுதிவிடுவார்கள். காந்தள் என்றாலே போதும், கார்த்திகைப் பூ என்றாலும் 'கா'தான். தாராபுரத்து அம்மா, உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கம் மூலனூரில் கண்வலிக்கிழங்கு என்று கம்பிப் பந்தல் போட்டு ஏற்றிவிடுகிறார்களே, அதுதான் காந்தள். ஒரு தடவை ஒரு தோட்டத்துக்குள் போயிருக்கிறேன். காலையிலேயே ஆட்கள் பூப் பூவாகத் தொட்டுக் கையாலேயே மகரந்தம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இலையின் நுனி சுருண்டு கம்பியைப் பிடித்திருந்தது. இதழின் அடி மஞ்சள், நுனி சிவப்பு, ஓரமெல்லாம் நெளிநெளியாக மேலே பார்த்து எரிகிற மாதிரி நின்றது. சங்கப் புலவர்கள் இதைப் பெண்களின் விரலுக்கு உவமை சொன்னார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூவில் முதல் பூவே இதுதான். விதையிலிருந்து கோல்சிசின் என்ற மருந்து எடுக்கிறார்கள். யூரிக் அமிலம் சேர்ந்து கால் பெருவிரலில் வருமே ஒரு வலி, அதற்கு அந்த மருந்து. ஆனால் செடி முழுக்க விஷம், கிழங்கு ஆளையே கொன்றுவிடும். பாப்பாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனால் பூவைப் பார்த்துவிட்டு வரட்டும், எதையும் பறித்து வாயில் வைக்க வேண்டாம்.

ஓர் எழுத்தில் தொடங்கிப் பூ, ஆறு, நோய், ஊர் என்று எங்கெங்கோ போய்விட்டோம். அதற்காகத்தான் இந்தச் சுற்றே நடத்துகிறேன். பாடப்புத்தகத்தில் காங்கோவும் காந்தளும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவே உட்காராது.

அம்மா, பாப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள். அவள் போட்ட ஆறு சரி. மோனைக் கணக்கில் ஒன்று கூட்டி ஏழு போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் நான் கேட்க மாட்டேன். அடுத்த சுற்று அவள் கணக்கிலேயே நடக்கும், எழுத்து 'வை'. வ இல்லை, வா இல்லை, 'வை' மட்டும். வைகை, வைரம், வைக்கம், வைரஸ், வைட்டமின், வைகாசி, வைஸ்ராய் என்று ஏழு விடை என் கையில் இருக்கிறது. மீதி மூன்றையும் அவற்றுக்கான கேள்விகளையும் பாப்பா எழுதி அனுப்பட்டும், அவள் எழுதியபடியே வாசிக்கிறேன்.