கேன்சர் செல் செத்தது சரி, எங்கே செத்தது?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை இரண்டு நாளாகப் போட்டு அரித்துக்கொண்டிருக்கிறது. அதனால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டேன், கோவித்துக்கொள்ளாதீர்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு மார்பில் கட்டி. சதையெடுத்துச் சோதித்து, புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி கொடுத்துவிட்டார், அப்புறம் கீமோவும் உண்டாம். அதற்குள் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருக்கிறார். முள் சீத்தா இலைக் கஷாயம், கீமோவைவிட 10,000 மடங்கு சக்தி, அமெரிக்காவிலேயே நிரூபித்தது, மருந்துக் கம்பெனிகள் மறைத்துவிட்டன என்று. "மூணு மாசம் குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் ஆபரேஷனுக்குப் போகலாம்னு வீட்ல சொல்றாங்க சார், நம்பலாமா?" இதுதான் கேள்வி.

தம்பி, அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். இத்தோடு வீடியோவை மூடிவிட்டு நேரே அக்காவிடம் போனாலும் எனக்குச் சம்மதம்தான்.

சரி, இப்போது அந்த 10,000. அது யாரோ வாயில் வந்ததை அடித்துவிட்ட எண் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால் நிஜமாகவே ஒரு கட்டுரை இருக்கிறது. 1996, அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம். முள் சீத்தாவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள், பெருங்குடல் புற்று செல்களின் மேல், அட்ரியாமைசின் என்கிற கீமோ மருந்தைவிடப் பத்தாயிரம் மடங்கு வீரியமாக வேலை செய்தது. ஆனால் அந்தப் பொருளை எடுத்தது விதையிலிருந்து. நமக்கு வந்த வீடியோவில் இலை. அவர்கள் பார்த்தது குடல் செல், அக்காவுக்கு மார்பு. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த செல்கள் செத்தது ஆய்வகத்துத் தட்டில். எந்த மனிதரும் அதைக் குடிக்கவில்லை.

என் வீடியோக்களை ரொம்ப நாளாகப் பார்க்கிற பழைய ஆட்களுக்கு இப்போது சிரிப்பு வந்திருக்கும், சார் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று. ஆமாம், ஆரம்பித்துவிட்டேன். எங்கே செத்தது? "கேன்சர் செல்லைக் கொல்கிறது" என்று யார் சொன்னாலும் நான் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவன் நான். தட்டில் இருக்கிற செல்லைக் கொல்வது பெரிய வித்தையே இல்லை. கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள், சாகும். பிளீச்சிங் பவுடர் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள், சாகும். கொதிக்கிற வெந்நீருக்கும் சாகும். முன்பு நான் போட்ட உப்பு வீடியோவிலேயே இதைச் செய்து காட்டியிருக்கிறேன். கஷ்டம் எதில் என்றால், வயிற்றில் போய், ஈரலைத் தாண்டி, ரத்தத்தில் கலந்து, கட்டி இருக்கிற இடத்துக்குப் போதுமான அளவு போய்ச் சேர வேண்டும். போகிற வழியில் நல்ல செல்லையும் கூடவே சாய்த்துவிடக் கூடாது. தட்டுக்கு ஈரல் கிடையாதே!

இலைதானே, என்ன செய்துவிடும் என்றும் விட்டுவிட முடியாது. கரீபியனில் குவாதலூப் என்று ஒரு தீவு. அங்கே வழக்கமான மருந்துக்குச் சரியாகக் கேட்காத ஒரு வகை நடுக்குவாதம் நிறையப் பேருக்கு வந்தது. முள் சீத்தா குடும்பத்துப் பழத்தையும் இலைத் தேநீரையும் வழக்கமாகச் சாப்பிட்டவர்களாக அவர்களில் பலர் இருந்தார்கள் என்று 1999-ல் ஒரு கட்டுரை வந்தது. நரம்பு செல்லைக் கெடுக்கிற ஒரு பொருள் அதில் இருப்பதால் சந்தேகம் இன்றைக்கும் தீரவில்லை. பழம் ஒன்றிரண்டு சாப்பிட்டவர்கள் பதற வேண்டாம். மூன்று மாதம் தினம் கஷாயம் என்பது வேறு கணக்கு.

உடனே, சார் நம் மூலிகையையே மட்டம் தட்டுகிறார் என்பீர்கள். மதுரையில் தத்தனேரிச் சுடுகாட்டுப் பக்கம் போனால் கண்ணில் படுகிற நித்தியகல்யாணி தெரியுமல்லவா, ரோஸும் வெள்ளையுமாக? சுடுகாட்டுப் பூ என்று வீட்டுக்குள் வைக்க மாட்டோம். அதற்கென்று தனியாகவே ஒரு வீடியோ போட்டேன். அதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் நோபிள், பீர் என்று இரண்டு பேர் எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணு குறைந்தது! ரத்தப் புற்றில் வெள்ளை அணுதானே எக்கச்சக்கமாகப் பெருகுகிறது? அங்கே பிடித்தார்கள் நூலை. அந்தச் செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் என்கிற மருந்து 1963-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றைக்கும் அதைத்தான் கொடுக்கிறார்கள். கீமோ, கீமோ என்று நாம் பயப்படுகிறோமே, அதில் ஒன்று இந்தச் சுடுகாட்டுப் பூதான். மருந்துக் கம்பெனி அதை மறைக்கவா செய்தது? காசு பண்ணியது. நம் தென் மாவட்டத்துக்காரர்களே அந்தச் செடியைப் பயிர் செய்து அனுப்புகிறார்கள்.

ஆனால் ஒரு கிராம் மருந்துக்கு அரை டன்னுக்குக் குறையாமல் காய்ந்த இலை வேண்டும். அந்த மருந்தையும் ரத்தக் குழாயில்தான் ஏற்றுவார்கள். தவறிப்போய் முதுகுத்தண்டு நீரில் ஏற்றிவிட்டால் ஆள் பிழைப்பது அபூர்வம். மருந்து ஒன்றுதான். எங்கே போகிறது என்பதில் உயிரே இருக்கிறது.

அடுத்து, "எனக்குக் குணமாயிற்று" என்று வீடியோவில் பேசுகிறவர்கள். எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மாரியம்மன் கோயிலில் வெள்ளித் தகட்டில் கண், கை, கால் என்று உரு வாங்கிப் போடுகிறோம். கண் சரியானவர் வந்து கண்மலர் போடுவார். சரியாகாதவர் எதைப் போடுவார், எங்கே வருவார்? உண்டியலைத் திறந்து எண்ணினால் ஊரில் எல்லாருக்கும் கண் சரியாகிவிட்ட மாதிரிதான் இருக்கும். பேசுகிறவர் வேறு என்ன வைத்தியம் பார்த்தார் என்பதும் வீடியோவில் வராது. 2024-ல் முன்னாள் கிரிக்கெட் வீரர் ஒருவர், தன் மனைவிக்கு முற்றிய புற்று வேப்பிலை, மஞ்சள், சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலேயே சரியானதாகச் சொன்னார். மும்பை டாடா மருத்துவமனையில் இருக்கிற, முன்பு இருந்த 262 புற்றுநோய் மருத்துவர்கள் சேர்ந்து மறுத்து அறிக்கை விட்டார்கள். அந்த அம்மாவுக்கு ஆபரேஷனும் நடந்திருந்தது, கீமோவும் நடந்திருந்தது.

அப்படி வீடியோவில் வராதவர்களில் ஒருவர் எங்கள் மதினி. மேலூர்ப் பக்கம். சுண்டைக்காய் அளவில் கட்டி இருந்தபோது, கத்தி பட்டால் பரவிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எட்டு மாதம் இலை வைத்தியம். யாரிடம் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எலுமிச்சை அளவு, அக்குளிலும் பிடித்துவிட்டது. சும்மா தடவிப் பார்த்த எனக்கே தெரிந்தது. கத்தி படவேயில்லை, ஆனாலும் பரவியிருந்தது. 2018-ல் அமெரிக்காவில் ஒரு கணக்கு எடுத்தார்கள். வழக்கமான சிகிச்சையை ஒதுக்கிவிட்டு மாற்று வைத்தியம் மட்டும் பார்த்த 281 பேர். சாவு அபாயம் மற்றவர்களைப் போல இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் மட்டும் 5 மடங்குக்கு மேல். அதைப் படித்தபோது எனக்கு மதினி முகம்தான் வந்தது.

இன்னொன்று, 1954-லேயே நம் நாட்டில் சட்டம் உண்டு. புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். ஃபோன் நம்பரோடு அப்படி ஒரு வீடியோ வந்தால் மேலே யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் தம்பி, "நம்பலாமா"வை விட்டுவிட்டு நீங்கள் என்னிடம் வேறொன்றைக் கேட்டிருக்கலாம். டாக்டரிடம் என்ன கேட்பது என்று. அந்த வீடியோக்காரர் இருபது நிமிஷம் அம்மா, தாயே என்று பேசுகிறார். ஆஸ்பத்திரியில் இரண்டு நிமிஷம், அதுவும் ஃபைலைப் பார்த்துக்கொண்டே. ஜனங்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள்? மதினியும் அப்படித்தான் சாய்ந்தார். அதனால் பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முந்தின நாள் ராத்திரியே எழுதிக்கொண்டு போங்கள். எத்தனையாவது நிலை? இந்த சிகிச்சை குணமாக்கவா, கட்டுப்படுத்தவா? ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? இது மூன்றையும் பதில் கிடைக்காமல் விடாதீர்கள். முடி கொட்டுமா என்று அக்கா கேட்க நினைப்பார், வெட்கப்படாமல் கேட்கட்டும். பதில் புரியவில்லை என்றால் இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மதுரை பாலரெங்கபுரத்தில் அரசு ராஜாஜி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. பணம்தான் தடை என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கேளுங்கள், புற்றுநோய் சிகிச்சை அதில் வரும்.

வீட்டில் ஏற்கெனவே கஷாயம் கொடுக்க ஆரம்பித்திருந்தால் ஒளிக்காதீர்கள். கீமோவையும் ஈரல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், கஷாயத்தையும் அதேதான். அந்த இலையில் நாலைந்தை ஒரு கவரில் போட்டு டாக்டர் மேஜையிலேயே வையுங்கள். திட்டினால் திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், தம்பி.

திருமங்கலத்திலிருந்து செம்புக் குடத்துத் தண்ணீர் பற்றி ஒரு அம்மா கேட்டிருந்தார்கள். அது அடுத்த வாரம்.