முறைப்பா, களைப்பா?

நேயர்களுக்கு வணக்கம்.

குடியைப் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது கொஞ்சம் தயங்கினேன். ஈரல் கெடும், கடன் ஏறும், பிள்ளைகளின் படிப்பு நாசமாகும் என்பதெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பேச்சு. தவறணை வாசலில் நிற்பவரே அதை நம்மைவிட நன்றாகச் சொல்லுவார். அதனால் அதிகம் பேசப்படாத ஒன்றை எடுத்துக்கொண்டேன். நீண்ட காலம் நிறையக் குடித்தவருக்கு அடுத்தவர் முகத்தைப் பார்த்து மனதை அறிகிற திறமை மங்கிப்போகிறது. போதையில் இருக்கும்போது அப்படித்தான் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டாம். நான் சொல்வது, குடிக்காமல், தெளிவாக, தேத்தண்ணிக் கோப்பையோடு இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் பற்றி.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் உளவளத்துணை வேலை பார்க்கிறேன். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். உண்மையில் அது ஒரு குடும்பம் இல்லை. யாரையும் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது என்று இரண்டு மூன்று வீட்டுச் சங்கதிகளை ஒன்றாகக் கலந்திருக்கிறேன்.

கணவர் குடியை நிறுத்தி மூன்று வாரம். பின்னேரம். மனைவி தேயிலை மலையிலிருந்து இறங்கி வருகிறார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போனவர், நாள் முழுக்க மழை. இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து கனக்கிறது, தலைத்துண்டு நெற்றியோடு ஒட்டிக் கிடக்கிறது. கொழுந்தை எடை போட்ட இடத்தில் ஈரத்துக்கென்று கழித்துவிட்டார்கள். கிலோ எட்டவில்லை, இன்றைக்கு அரைப்பேர், பாதிச் சம்பளந்தான். வாசலுக்கு வந்தவர் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்து, விரலிடுக்கில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்குகிறார். புருவம் சுருங்குகிறது, உதடு ஒரு பக்கம் இழுக்கிறது. அதே முகத்தோடு நிமிர்ந்து கணவரைப் பார்க்கிறார்.

“என்னா மொறைக்கிற?” என்கிறார் அவர்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பக்கத்துக் காம்பராவில் டீவிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைக் கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அந்த அம்மா என்னிடம் வந்து கேட்டது இது: “குடிச்சிட்டு சண்டை போட்டா, சாராயம் பேசுதுன்னு விட்டுருவேன் மிஸ். இப்ப குடிக்காமயே பேசுறாரே. அப்ப இதுதான் அவரோட நெஜக் கொணமா?”

லேசான கேள்வி இல்லை. குடியை விட்ட வீடுகளில் பல பெண்களின் மனதில் இது ஓடுகிறது. வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு.

பெல்ஜியத்தில் பியர் பிலிப்போ, சார்ல்ஸ் கோர்ன்ரைக் முதலான உளவியல் ஆய்வாளர்கள் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குடிக்கு அடிமையாகி, சிகிச்சைக்கு வந்து, குடியை நிறுத்தியிருந்தவர்களுக்கு முகப் படங்களைக் காட்டினார்கள். சில முகங்களில் கோபம், சிலவற்றில் துக்கம், பயம், அருவருப்பு, சந்தோஷம். ஒரே உணர்ச்சி லேசாகத் தெரியும் படமும் உண்டு, அப்பட்டமாகத் தெரியும் படமும் உண்டு. குடிப்பிரச்சினை இல்லாதவர்களுக்கும் அதே படங்களைக் காட்டி ஒப்பிட்டார்கள். சிகிச்சைக்கு வந்தவர்கள் எந்த உணர்ச்சி என்பதைப் பிழையாகச் சொன்னது கூடுதல். அதோடு, லேசான உணர்ச்சியைக்கூடப் பெரிதாகக் கண்டார்கள். 2002இல் வந்த இன்னோர் ஆய்வில், துக்கமான முகத்தைப் பார்த்துவிட்டுக் கோபம் என்றோ அருவருப்பு என்றோ சொல்கிற போக்கு தெரிந்தது.

துக்கம் அவர் கண்ணில் கோபமாகத் தெரிகிறது. களைத்துப்போன முகம் வெறுப்பாகத் தெரிகிறது. நம்முடைய அட்டைப் படியில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

அந்தப் பெல்ஜிய ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. படங்களைப் பார்த்துச் சொல்வது கஷ்டமாக இருந்ததா என்று கேட்டபோது, மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கஷ்டம் என்று அவர்கள் சொல்லவில்லை. பிழை விட்டது அவர்களுக்குத் தெரியாது. கண்பார்வை குறைந்தவருக்கு எழுத்து மங்கலாகத் தெரியும், கண்ணாடி வேண்டும் என்று புரியும். இங்கே எழுத்து பளிச்சென்று தெரிகிறது, ஆனால் வேறு எழுத்தாகத் தெரிகிறது. அதனால்தான் “நீ மொறைச்சத நான் பாத்தேன்” என்று அவர் சத்தியம் செய்கிறார். அவர் பொய் சொல்லவில்லை.

முகத்தோடு இது நிற்பதில்லை. பியர் மோராஜ் என்பவரும் கூட இருந்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் குரலின் ஏற்ற இறக்கத்தையும் உடம்பு நிற்கும் விதத்தையும் சோதித்தார்கள், அவற்றிலும் இதே தடுமாற்றம் இருந்தது. முகத்தில் உணர்ச்சியைக் கண்டுகொள்வதில் மூளையின் உள்ளே இருக்கும் அமிக்டலா என்ற சின்னப் பகுதிக்கும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. நீண்ட காலக் குடி இந்த இரண்டு இடங்களின் வேலையையும் பாதிக்கிறது. சிலருக்கு இந்தக் குறை குடிக்கு முன்பே கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் அது ஒரு வட்டமாகச் சுற்றத் தொடங்கிவிடுகிறது: முகத்தைப் பிழையாக வாசிக்கிறார், சண்டை வருகிறது, மனம் கசக்கிறது, கசப்புக்கு மருந்தாகத் திரும்பவும் போத்தல்.

வீட்டில் உள்ள மற்றவர்களின் நிலை இதற்கு நேர்மாறு. அப்பா படியேறி வரும் செருப்புச் சத்தத்திலேயே இன்றைக்கு எப்படி என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். ஏழு வயதுப் பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படிக்கு நகர்ந்துவிடும். எல்லோரும் அவரை வாசிக்கிறார்கள். அவரால் ஒருவரையும் வாசிக்க முடியவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முகம் பிழையாகத் தெரிந்தது என்பது கை நீட்டியதற்குச் சாக்கு ஆகாது. வீட்டில் அடி விழுகிறதென்றால் 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்துக்குப் பேசுங்கள். பேச்சைக் கேட்டுவிட்டு “பாத்தியா, ரேடியோவிலேயே சொல்றாங்க, என் மேல பிழை இல்ல” என்று யாராவது கிளம்பினால், அவருக்கு இந்தப் பகுதியைத் திரும்பப் போட்டுக் காட்டுங்கள்.

சரி, குடியை விட்டால் இது சீராகுமா? விட்டுச் சில மாதம் போகப் போகப் பலருக்குக் கவனமும் ஞாபகமும் தேறி வருகின்றன. முகத்தை அறிவது மட்டும் பின்தங்கி நிற்கலாம். அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதிலும் அதுதான்: “மூணு வாரத்த வச்சு அவரோட கொணத்த முடிவு பண்ணாதீங்க.”

அப்புறம், நம் பக்கத்தில் மாலை போட்டுக்கொண்டு ஒரே நாளில் குடியை நிறுத்துகிறவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், முதல் சில நாட்களுக்குள் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். மருந்தும், பி1 விட்டமினும் கொடுத்துப் பத்திரமாக இறக்கிவிடுவார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம். குளிருக்குத்தான் ரெண்டு கிளாஸ் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சாராயம் தோலுக்குச் சூட்டை இழுத்துவிடுகிறது, உடம்பின் உள்ளே இருக்கும் சூடு அதனால் வெளியேதான் போகிறது. ஹட்டன் குளிருக்குக் கம்பளி போதும்.

அந்த இருவருக்கும் நான் கொடுத்த வேலை சின்னது. கணவர், மனைவியின் முகத்தைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது, கேட்க வேண்டும். மனைவி ஒளிக்காமல் உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் இருவருக்கும் வெட்கமாக இருந்ததாம். என்ன புது நாடகம் என்று மகன் சிரித்தானாம்.

கடைசியாக வந்தபோது அந்த அம்மா சொன்னார்: “இப்ப ஒரே கேள்விதான் மிஸ், களைப்பா, கோவமான்னு. நேத்து நெசமாவே கோவம், கோவந்தான்னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் நின்னுக்கிட்டு இருந்தாரு. அப்புறம் போயி தேத்தண்ணி ஊத்திட்டு வந்தாரு. சீனிதான் கூடிப்போச்சு.”