மாற்று வில் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் விரலைப் பாருங்கள்!

கைவசம் இருக்கும் ஒரே வில் இன்று விரிசல் விட்டால், நாளை எதை எடுத்து எய்வீர்கள்? "இருப்பதிலேயே வேகமானதை வாங்கிவிடலாம்" என்று நினைப்பவர்கள் தயவுசெய்து பணத்தை எடுக்காதீர்கள். நாணை எந்த விரலால் இழுக்கிறீர்கள் என்பதே முதல் கேள்வி.

ஐரோப்பியர்கள் மூன்று விரலால் இழுத்தார்கள். கொரியர்கள், மங்கோலியர்கள், துருக்கியர்கள் கட்டைவிரலால் இழுத்தார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

[திரையில்: நாணைப் பிடித்த இரண்டு கைகள், மிக அருகில்]

வலக்கைக்காரர் மூன்று விரலால் இழுத்தால் அம்பு வில்லின் இடப்பக்கம் அமரும். கட்டைவிரலால் இழுத்தால் வலப்பக்கம்! நன்றாகப் பாருங்கள்: நாணைக் கட்டைவிரல் பிடித்திருக்க, ஆள்காட்டி விரலின் அடி அம்பை வில்லோடு சேர்த்து அழுத்துகிறது. அம்பை இடப்பக்கம் வைத்தால் அதே அழுத்தம் அதை வெளியே தள்ளிவிடும்.

இப்போது வலக்கைக்காரருக்கான அமெரிக்க ரீகர்வ் வில்லை, அதாவது முனைகள் முன்பக்கமாக வளைந்த வில்லைப் பாருங்கள். அம்பு வைப்பதற்கான திட்டு இடப்பக்கம் மட்டுமே செதுக்கப்பட்டிருக்கிறது. கட்டைவிரல்காரருக்கு அது எதற்கு? சிலர் இடக்கைக்காரர்களுக்கான வில்லை வாங்கிச் சமாளிக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் பிடி கைக்கு ஒத்துவராது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அதன் பவுண்டு கணக்கு, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசை, 28 அங்குல இழுவைக்கு அளந்தது. கட்டைவிரல்காரர்களில் பலர் காதைத் தாண்டி 31, 32 அங்குலம் வரை இழுக்கிறார்கள். அங்குலத்துக்கு 2 அல்லது 3 பவுண்டு ஏறினால், 40 பவுண்டு வில் 50-ஐத் தொட்டுவிடும். குட்டை வில்லாக இருந்தால் முறிந்தே போகலாம்.

மாற்று வில் சிக்கலைக் கொரியர்கள் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்களுடைய பழைய கொம்பு வில்லின் பெயர் காக்குங். எருமைக் கொம்பு, மூங்கில், முசுக்கொட்டை மரம், மாட்டுத் தசைநார் எல்லாவற்றையும் ஒட்டவைப்பது மீனின் காற்றுப்பையைக் காய்ச்சி எடுத்த பசை! ஈரக்காற்று பட்டால் பசை இளகும், வில் தளரும். அதனால் வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள். மழைநாளுக்குக் கைகொடுப்பது கேரியாங்குங்: அதே வடிவம், கொம்புக்கும் நாருக்கும் பதிலாகக் கண்ணாடியிழை. புதிதாகக் கற்பவர்களும் இதில்தான் தொடங்குகிறார்கள். இலக்கும் அதே 145 மீட்டர்தான்.

மாற்று வில் இப்படித்தான் முதல் வில்லுக்கு உடன்பிறந்ததாக இருக்க வேண்டும். இழுவிசை 2 பவுண்டு குறைந்தாலும் குறையலாம், கூடக் கூடாது என்பேன். வித்தியாசம் அதிகமானால் அதற்கேற்ற விறைப்புள்ள வேறு அம்புகளையும் வாங்க வேண்டிவரும்; பிறகு இரண்டு செலவு.

பிரித்துப் பூட்டும் ரீகர்வ் வைத்திருக்கும் மூன்று விரல்காரர்களே, உங்களுக்குக் கூடுதலாக ஒரு சோடி வில்கரங்களும் (பிடிக்கு மேலும் கீழும் பூட்டும், வளையும் பகுதிகள்) ஒரு நாணும் போதும்.

எந்த விரல், எத்தனை அங்குலம், எத்தனை பவுண்டு என்று கீழே எழுதுங்கள். வாங்க நினைக்கும் வில்லையும் சொல்லுங்கள். பொருந்துமா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.